இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஓயாத மூக்கொழுகல்: சளியா, அலர்ஜியா?

மீனாட்சிபுரத்து அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தில் இருக்கிறோம். எங்கள் பாப்பாவுக்கு இரண்டரை வயது. ஆடியில் ஆரம்பித்த மூக்கொழுகல் மார்கழி வந்தும் நின்றபாடில்லை. தண்ணீராகத்தான் ஒழுகுகிறது, காய்ச்சல் கிடையாது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல். அப்புறம் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். ராத்திரி வாயைத் திறந்து குறட்டை.

மெடிக்கலில் ஒரு சிரப், ஆஸ்பத்திரியில் ஒரு சிரப் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. கடைசியாகக் கொடுத்தது மாண்டெலுகாஸ்ட்டும் லெவோசெடிரிசினும் சேர்ந்தது. அதைக் கொடுத்தால் ஒழுகல் குறைகிறது, ஆனால் நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுந்திருக்கிறாள். வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்து என்கிறார் அத்தை. இவர் என்னடாவென்றால், பொள்ளாச்சியில் ஒரு லேபில் இருநூறு உணவுக்கு ஒரே ரத்தத்தில் டெஸ்ட் பார்க்கிறார்களாம், எடுத்துவிடலாம் என்கிறார்.

நான் கவனித்தது ஒன்று உண்டு. உடுமலைக்கு அம்மா வீட்டுக்குப் போனால் இரண்டு மூன்று நாளில் மூக்கு காய்ந்துவிடுகிறது. இங்கே திரும்பினால் பழைய கதைதான். இந்த வயதில் அலர்ஜி வருமா?

கொழிஞ்சாம்பாறை பாட்டி:

கண்ணு, பிள்ளை என்றால் சளி பிடிக்கத்தான் செய்யும். பயப்படாதே. கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து இரண்டு சொட்டு தேனில் குழைத்துக் கொடு. தலைக்குக் குளிக்க வைத்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்து, நல்லா சாம்பிராணி காட்டு. என் பேரன் பேத்தி எல்லாருக்கும் இதுதான் செய்தேன். மூக்கில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டாலும் அடைப்பு இளகும்.

நார்மில்காரன்:

மீனாட்சிபுரம் என்றால் சுத்தி நார் மில்தானே அக்கா? கோபாலபுரத்திலிருந்து ஆனைமலை வரைக்கும் எந்தக் களத்தைப் பார்த்தாலும் காயர் பித், அதாவது தேங்காய் நார்த் தூள், காய்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கே இருந்து அடிக்கும். எந்தப் பக்கம் அடித்தாலும் ஏதாவது ஒரு களத்துத் தூசு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துதான் தீரும். நான் தொழிலில் இருக்கிறவன், மறைத்துப் பேச ஒன்றுமில்லை. எங்கள் லோடுமேன்களுக்கே தும்மல் ஓயாது. இதற்கு டெஸ்டும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், ஜன்னலைச் சாத்துங்கள், போதும்.

வேலந்தாவளம் செவிலி:

பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கற்பூரவல்லி உங்கள் இஷ்டம். ஆனால் தேன் ஒரு வயது முடியாத குழந்தைக்குக் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் ஒரு கிருமி நஞ்சு சின்னக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். இந்தப் பாப்பா இரண்டரை வயது, அதனால் பரவாயில்லை. மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் எந்த வயதிலும் செய்யாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கி நுரையீரலில் தங்கினால் வருவது நிமோனியா. அந்த மாதிரி வந்த கைக்குழந்தையை வார்டில் நானே பார்த்திருக்கிறேன். மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு மெடிக்கலில் மலிவாகவே கிடைக்கிறது.

சாம்பிராணி வாசனை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்குக்குப் புகை புகைதான். கொசுவத்தி, பீடி, விறகடுப்பு எல்லாம் அதே கணக்கு.

அம்மா, பாப்பாவின் கண்ணுக்குக் கீழே கருமை இருக்கிறதா? மூக்குத் தண்டின் மேல் குறுக்காக ஒரு கோடு தெரிகிறதா? உள்ளங்கையால் மேலே தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தக் கோடு விழும்.

மீனாட்சிபுரத்து அம்மா:

கருமை இருக்கிறது. கண்ணுபட்டுவிட்டது என்று சுத்திப்போட்டுக்கொண்டிருந்தோம் அக்கா! கோடு லேசாக, வெயிலில் பார்த்தால் தெரிகிறது.

சித்தூர் வாத்தியார்:

இதெல்லாம் இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிக்காரன் கிளப்பிவிடுவது. எங்கள் காலத்தில் மூக்கொழுகாத பிள்ளை உண்டா? சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். இப்போது எதற்கெடுத்தாலும் அலர்ஜி.

கோவை குழந்தை மருத்துவர்:

வாத்தியார் ஐயா பாதி சரியாகவே சொல்கிறார். இந்த வயதில் வருடத்துக்கு 6 முதல் 8 சளி பிடிப்பது இயல்பு. அங்கன்வாடி, கிரெச் போகும் பிள்ளைகளுக்கு இன்னும் கூடும். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும். மழைக்காலத்தில் ஒன்று முடியுமுன் அடுத்தது தொற்றும். அம்மாவுக்கு அது ஒரே நீளச் சளியாகத் தெரியும். என்னிடம் 'அலர்ஜி' என்று கூட்டிவரும் சின்னப் பிள்ளைகளில் பலருக்கு இருப்பது இப்படி அடுக்கடுக்காக வரும் வைரஸ் சளிதான்.

பாப்பாவின் கதை அப்படித் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, ஒழுகுவது தண்ணீர், காலையில் அடுக்குத் தும்மல், அரிப்பு, கண்ணடியில் கருமை. எல்லாவற்றையும் விட, ஊர் மாறினால் மூக்கு காய்கிறது. வைரஸ் சளி எல்லையில் இறங்கிக்கொள்ளாது. வீட்டுக்குள் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பேன். ஆனாலும் பார்க்காமல் சொல்லும் சந்தேகம்தான் இது, மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உறுதி. அலர்ஜி மூக்கில் உட்சதை வெளுத்து வீங்கியிருக்கும், சளியில் சிவந்திருக்கும். பெரும்பாலும் அப்படி, எப்போதும் அல்ல.

இந்த வயதில் வருமா என்று கேட்டீர்கள். வரும். ஆனால் எதற்கு வரும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. உடம்பு ஒரு பொருளைப் பல தடவை சந்தித்துத்தான் அதன் மேல் பகை வளர்த்துக்கொள்ளும். புல், பார்த்தீனியம், தென்னம்பாளை மகரந்தம் இதெல்லாம் சீசனுக்குச் சீசன் வருபவை. அவற்றுக்கு அலர்ஜியாக இரண்டு மூன்று சீசனாவது பட வேண்டும். அதனால் இரண்டு வயதுக்கு முன்னால் மகரந்த அலர்ஜி அபூர்வம். படுக்கையில் வாழும் தூசுப் பூச்சி, கரப்பான் பூச்சி, பூஞ்சை, வீட்டுப் பூனை இதெல்லாம் தினமும் கூடவே இருப்பவை. சின்ன வயதில் முதலில் மாட்டுவது இவைதான். குழந்தைக்கோ பெற்றோருக்கோ எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோயோ மூச்சிளைப்போ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

நார்மில் தம்பிக்கு: நீங்கள் சொல்லும் தூசு மூக்கை எரிச்சலூட்டும், உண்மைதான். ஆனால் எரிச்சலும் அலர்ஜியும் ஒன்றல்ல. காயர் பித் மட்டும் காரணமாக இருந்தால் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் தும்ம வேண்டும். தவிர, ஜன்னலைச் சாத்தினால் வீட்டுக்குள் ஈரம் தங்கும், தூசுப் பூச்சிக்கு அதுதான் கொண்டாட்டம். காற்றில் ஈரம் பாதிக்கு மேல் இருந்தால்தான் அது செழிக்கும்.

அந்த இருநூறு உணவு டெஸ்ட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. நாம் சாப்பிடும் பொருளுக்கெல்லாம் அது உடம்பில் இருக்கும், அலர்ஜிக்கு அடையாளமே இல்லை. அலர்ஜியில் வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம் ஐஜிஇ. அதன் மொத்த அளவை மட்டும் பார்ப்பதிலும் பெரிய பிரயோஜனமில்லை, வயிற்றில் பூச்சி இருந்தால்கூட அது ஏறும். தேவைப்பட்டால் தூசுப் பூச்சி, கரப்பான் பூச்சி, பூஞ்சை என்று சந்தேகப்படும் சிலவற்றுக்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கலாம், அல்லது அவற்றுக்கான தனி ஐஜிஇ ரத்தத்தில் பார்க்கலாம். தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்னதாகவே செடிரிசின் வகை மருந்தை நிறுத்த வேண்டும், ரத்தத்துக்கு அது தேவையில்லை.

வாழைப்பழத்தையும் தயிரையும் திருப்பிக் கொடுங்கள். உணவு அலர்ஜி வந்தால் தோல் தடிக்கும், வாந்தி வரும், முகம் வீங்கும். மூக்கு மட்டும் மாதக்கணக்கில் ஒழுகுவதற்கு வாழைப்பழம் காரணமாக இருப்பது மிக மிக அரிது.

அலறல் விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். மாண்டெலுகாஸ்ட்டால் கெட்ட கனவு, எரிச்சல், குணமாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020 மார்ச்சில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. வெறும் மூக்கு அலர்ஜிக்கு, மற்ற மருந்து சரிப்படாவிட்டால்தான் இதை யோசிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. குணம் மாறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசச் சொல்கிறார்கள். நாளைக்கே எழுதிக்கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். நம் ஊரில் இந்தக் கூட்டு சிரப்பைத் தண்ணீராக எழுதுகிறோம், சக மருத்துவர்களைச் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஆனைமலை அப்பா:

டாக்டர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பையனுக்கும் மூக்கொழுகல், அலர்ஜி என்றே நினைத்திருந்தோம். ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுகும், அதுவும் கிட்டப் போக முடியாத நாற்றம். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு சில்லென்ற ஸ்டீல் பட்டையை மூக்குக்குக் கீழே பிடித்தார். மூச்சு பட்டு ஒரு பக்கம் மட்டும் ஆவி படர்ந்தது, மறுபக்கம் பளபளவென்று அப்படியே இருந்தது. "தம்பி உள்ளே என்னவோ வச்சிருக்கான்" என்றவர், கொக்கி மாதிரி ஒன்றை விட்டு எடுத்தார். ஊறி உப்பிப்போன புளியங்கொட்டை! வீட்டில் பாட்டி புளி தட்டுகிற சீசன்.

கோவை குழந்தை மருத்துவர்:

அருமையான உதாரணம். ஒரு பக்கம் மட்டும் ஒழுகி நாறினால் அலர்ஜி என்ற பேச்சே வேண்டாம். நீங்களே பின் விட்டுத் தோண்டவும் கூடாது. பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே ஓடுங்கள். சில மணி நேரத்தில் மூக்குத் தண்டைப் பொசுக்கிவிடும்.

கோபாலபுரம் புது அம்மா:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் தம்பிக்கு மூன்று மாதம். ஒழுகல் இல்லை, ஆனால் எப்போதும் மூக்கு கொர்கொர் என்கிறது. பால் குடிக்கும்போது சத்தம் கூடுகிறது. அலர்ஜி சிரப் கொடுக்கலாம் என்று மெடிக்கலில் சொன்னார்கள்.

கோவை குழந்தை மருத்துவர்:

வேண்டாம் அம்மா. மூன்று மாதத்தில் மூக்கு அலர்ஜி என்பது கிட்டத்தட்ட இல்லை. அந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். துவாரமோ சின்னது, துளி கோழை இருந்தாலும் கொர்கொர்தான். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, சிரித்து விளையாடினால் பால் கொடுக்குமுன் உப்புநீர் ஒன்றிரண்டு சொட்டு, அவ்வளவுதான். பால் குடிக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை, விலா உள்ளிழுக்கிறது, வாயை மூடினால் நீலம் பாரித்து அழுதால் சிவக்கிறது, 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

கடையில் சொல்லி வாங்கும் சளி மருந்து பற்றிப் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலில் அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த பிறகு, 2025 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாம் என்றது. கேரளத்தில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டு இல்லாமல் இருமல் மருந்து விற்கக் கூடாது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் கொடுக்க மாட்டேன் என்றால் இந்தப் பக்கம் வந்து வாங்கிப் போகிறார்கள். குழந்தை ஒன்றுதானே?

சித்தூர் வாத்தியார்:

சரி டாக்டர், சிரப் வேண்டாம், மாண்டெலுகாஸ்ட் வேண்டாம். அப்புறம் என்னதான் கொடுப்பீர்கள்? என் மகள் பிள்ளைக்கு மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு எழுதினார்கள். நான் வாங்க விடவில்லை. ஸ்டீராய்டு என்றால் பிள்ளை வளருமா?

கோவை குழந்தை மருத்துவர்:

நியாயமான பயம்தான் ஐயா. வாய்வழி ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்தால் நீங்கள் பயப்படுவது சரி. ஸ்பிரே அடிப்பது மைக்ரோகிராம் கணக்கில். மொமெடசோன், ஃபுளூட்டிகசோன் வகைகள் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பழைய வகை சிலவற்றில் உயரம் கொஞ்சம் மந்தமானது ஆய்வுகளில் தெரிந்தது, அதனால்தான் குறைந்த அளவில் கொடுத்து, உயரத்தை அவ்வப்போது அளந்து பார்க்கிறோம். இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டுத் தூங்காத பிள்ளையும் நன்றாக வளராது. அதையும் தராசில் வையுங்கள்.

லேசாக இருந்தால் செடிரிசின் மாதிரித் தூக்கம் குறைவாக வரும் மருந்து, வயதுக்கேற்ற அளவில், சீட்டோடு. விடாத அடைப்பு, குறட்டை, தூக்கக் கேடு இருந்தால் ஸ்பிரேதான் முதன்மை. மொமெடசோன் 2 வயதிலிருந்து கொடுக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் உப்புநீரும் வீட்டுச் சுத்தமும்தான். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு என்று உடனே அடைப்பை எடுக்கும் மருந்து கேட்டு வாங்காதீர்கள். அந்த நிமிடம் சொர்க்கம், நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பைக் கொண்டுவரும்.

வேலந்தாவளம் செவிலி:

ஸ்பிரே பலன் தரவில்லை என்று வருபவர்களை அடித்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் தப்பாகத்தான் அடிக்கிறார்கள். தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. பிள்ளையை மடியில் உட்காரவைத்து, தலை லேசாக முன்னால் குனிந்திருக்க வேண்டும். புட்டியைக் குலுக்கி, புதுசாக இருந்தால் காற்றில் சில தடவை அடித்துத் தயார் செய்யுங்கள். முனையை நடுத்தண்டு பக்கம் திருப்பாமல், அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய்த்து அடியுங்கள். நடுவில் அடித்தால் மூக்கில் ரத்தம் கசியும். "உறிஞ்சு, உறிஞ்சு" என்று சொல்லாதீர்கள், தொண்டைக்குப் போய்விடும். அடிக்குமுன் உப்புநீரில் கோழையை எடுத்துவிட்டால் மருந்து சதையில் படும். இரண்டு வாரம் விடாமல் அடித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள் பலன் உண்டா இல்லையா என்று.

மீனாட்சிபுரத்து அம்மா:

நம் ஊரிலேயே குழந்தை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் சொன்னது, மாண்டெலுகாஸ்ட் வேண்டாம். நிறுத்தியபிறகு அலறல் இல்லை. மூக்குச் சதை வெளுத்து வீங்கியிருக்கிறதாம், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் கொஞ்சம் பெரிசாக இருக்கிறதாம், குறட்டைக்கு அதுவும் காரணம். ஸ்பிரே எழுதியிருக்கிறார். ரத்தத்தில் தூசுப் பூச்சிக்குப் பாசிட்டிவ்.

டாக்டர் படுக்கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அறைக்குள் வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அப்போதுதான் சொன்னேன். நாங்கள் கொப்பரை வியாபாரம். களத்தில் மழை வந்தால் மூட்டைகளைக் கொண்டுவந்து அடுக்குவது நாங்கள் படுக்கும் அறையின் பரணில்தான். ஆடியிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. இறக்கிப் பார்த்தால் அடிமூட்டையில் பச்சைப் பூஞ்சை, மேலே கைவைத்தால் பொலபொலவென்று தூள். அதற்கு நேர்க் கீழேதான் பாப்பா மெத்தை! உடுமலையில் அம்மா வீட்டில் பாய்தான்.

நார்மில்காரன்:

அப்போ என் காயர் பித் தப்பித்தது.

கோவை குழந்தை மருத்துவர்:

முழுசாகத் தப்பிக்கவில்லை தம்பி, ஆனால் இந்த வழக்கில் முதல் குற்றவாளி அது இல்லை. மூட்டைகளை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டும்போது பாப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது. படுக்கைவிரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், வெறும் பச்சைத் தண்ணீரில் தூசுப் பூச்சி சாகாது. துணிப் பொம்மைகளைப் பையில் கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிட்டு அப்புறம் துவைக்கலாம். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. தூசுப் பூச்சி புகாத உறை மட்டும் மாற்றினால் போதும், ஏர் பியூரிஃபயர் மட்டும் வாங்கினால் போதும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். தனியாக ஒன்றைச் செய்தால் பெரிதாகப் பலன் தெரிவதில்லை, சேர்த்துச் செய்தால்தான் கொஞ்சமாவது தெரியும்.

இரவில் தொடர் இருமலோ, ஓடி விளையாடினால் இளைப்போ, விசில் சத்தமோ வந்தால் உடனே சொல்லுங்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே குழாயின் இரண்டு முனை, ஆஸ்துமா உள்ள பெரும்பாலானவர்களுக்கு மூக்குத் தொல்லையும் உண்டு. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மீனாட்சிபுரத்து அம்மா:

சில வாரம் கழித்து எழுதுகிறேன். தும்மல் நன்றாகக் குறைந்திருக்கிறது. குறட்டை இருக்கிறது, ஆனால் வாயை மூடித் தூங்கும் ராத்திரிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. மூட்டைகள் களத்து ஷெட்டுக்குப் போய்விட்டன, இவருக்கு அதில் இன்னும் வருத்தம்தான், எலித் தொல்லையாம். அத்தை சாம்பிராணியைப் பூஜையறையோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஒரே கேள்வி: அங்கன்வாடியில் மூக்கு ஒழுகுகிறதென்று சேர்க்க மாட்டேன் என்கிறார் டீச்சர். மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

வேலந்தாவளம் செவிலி:

அலர்ஜி ஒட்டாது. டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள், டீச்சருக்கும் தைரியமாக இருக்கும். காய்ச்சலோடு வரும் சளிக்கு மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் வாங்கிக் கொடுங்கள், ஆனால் மூக்கு அதனால் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை பாட்டி:

என் கடைக்குட்டிப் பேரனுக்கு எட்டு மாதம். இலவம்பஞ்சுத் தலையணை புதுசாகத் தைத்து வைத்திருக்கிறேன். அதையும் வெயிலில் போட்டால் போதுமா?

வேலந்தாவளம் செவிலி:

ஒரு வயதுவரை தலையணையே வேண்டாம் பாட்டி, மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.